அளக்காத நாளுக்குக் கணக்கு எழுதாதே

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



"தொழிற்சாலை அனுபவத்தைப் பற்றிப் பேசுங்கள்" என்றுதான் செயலாளர் கேட்டார். தொழிற்சாலையைப் பற்றி நாள் முழுக்கப் பேசிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறோம். அதனால் வீட்டுக்குப் போன பிறகு நான் செய்கிற ஒரு காரியத்தைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். ஒத்துக்கொண்டார். அந்தக் காரியம் இதுதான்: எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் தினமும் காலை எட்டரை மணிக்கு மழையை அளப்பது.

எனக்குச் சொந்த ஊர் தென்னேரி. காஞ்சிபுரம் மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் எங்கள் ஏரியும் ஒன்று. திரையனேரி என்பதுதான் தென்னேரி ஆயிற்று என்று அறிஞர்கள் சொல்வார்கள். ஊர்ப் பெயரிலேயே ஏரி இருக்கிறது. ஏரி ரொம்பினால் ஊர் சிரிக்கும். கரை பலவீனமாக இருக்கிற நேரத்தில் ரொம்பினால் ஊர் தூங்காது. ஆகவே எங்கள் ஊரில் "நேத்து எவ்வளவு மழை?" என்று கேட்பது பொழுது போகாமல் கேட்கிற கேள்வி அல்ல.

2018ஆம் ஆண்டு ஆவணி மாதம் நான் ஒரு மழைமானி செய்தேன். பெரிய விஷயம் ஒன்றுமில்லை. இருபது சென்டிமீட்டர் வாயகலம் உள்ள ஒரு புனல், அதற்குக் கீழே ஒரு கேன், அளக்க ஒரு அளவு ஜாடி. புனலின் வாய்ப் பரப்பு 314 சதுர சென்டிமீட்டர். அப்படியானால் ஒரு மில்லிமீட்டர் மழைக்கு கேனில் 31.4 மில்லிலிட்டர் தண்ணீர் சேரும். முதலாண்டு மாணவர்களே கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். இன்னொரு கணக்கும் சொல்கிறேன். ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். ஒரு ஏக்கர் நிலத்தில் சுமார் நாலாயிரம் லிட்டர். பத்து மில்லிமீட்டர் மழையை "சும்மா தூறல்" என்கிறோமே, அது ஏக்கருக்கு நாற்பதாயிரம் லிட்டர்!

முதல் மழை வந்தது. காலையில் அளந்தேன். ஒன்பது மில்லிமீட்டர். அப்பா கழனிக்குப் போய்த் திரும்பி வந்தவர், "நல்லா ஒரு உழவு மழை போச்சு" என்றார். மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டி, ஈரம் எத்தனை விரற்கடை இறங்கியிருக்கிறது என்று பார்ப்பார். அதுதான் அவருடைய மழைமானி. ஏர் ஓட்டுகிற அளவுக்கு ஈரம் இறங்கியிருந்தால் ஒரு உழவு. "ஒன்பது மில்லிமீட்டரில் எப்படிப்பா ஏர் ஓட்டுவே?" என்று கேட்டேன். "உன் டப்பாவைத் தூக்கி வேப்பமரத்தடியில வெச்சிருக்கியே, மரம் குடிச்சது போக மிச்சம்தானே உனக்கு வரும்?" என்றார்.

பி.இ. பட்டம் வாங்கிய எனக்கு முகம் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ, அதைப் போல இரண்டு மடங்காவது தள்ளித்தான் மழைமானியை வைக்க வேண்டும். வானிலைத் துறையின் விதியும் இதுதான். புனலின் விளிம்பு தரையிலிருந்து முப்பது சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். மண் தெறித்து உள்ளே விழாது. இதையெல்லாம் படித்துவிட்டு வெட்டவெளிக்கு மாற்றினேன்.

மாற்றிய பிறகும் இருவர் கணக்கும் ஒத்துப்போகவில்லை. புரட்டாசியில் இருபத்தைந்து, இருபத்தெட்டு மில்லிமீட்டர் பெய்தபோது அப்பா "ஒரு உழவு" என்றார். ஐப்பசியில் பன்னிரண்டு, பதினைந்து பெய்தபோதும் "ஒரு உழவு" என்றார். அப்பா தோராயமாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். மூன்று பருவம் பார்த்த பிறகுதான் புரிந்தது. வெயிலில் காய்ந்த மண்ணுக்கு நிறையத் தண்ணீர் வேண்டும். ஏற்கெனவே நனைந்த மண்ணுக்குக் கொஞ்சம் போதும். நான் வானம் கொடுத்ததை அளந்தேன். அவர் மண் வாங்கிக்கொண்டதை அளந்தார். இரண்டு கருவியும் சரிதான். அளந்த பொருள்தான் வேறு.

மழையை அளப்பது நம் நாட்டுக்குப் புதிது அல்ல. களஞ்சியத்தின் முன்னால் ஒரு முழம் வாயகலம் உள்ள பாத்திரத்தை வைத்து மழையை அளக்கச் சொல்கிறது கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம். கொரியாவில் சேஜோங் மன்னர் 1440களிலேயே நாடு முழுவதற்கும் ஒரே அளவுள்ள மழைமானிகளை அனுப்பினார். இங்கிலாந்தில் 1860இல் சைமன்ஸ் என்பவர் தன்னார்வலர்களைச் சேர்க்க ஆரம்பித்தார். 1900இல் அவர் இறக்கும்போது மூவாயிரம் பேருக்கும் மேல் தங்கள் தோட்டங்களில் மழையை அளந்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"வானிலை ஆய்வு மையம் இருக்கும்போது நாம் எதற்கு அளக்க வேண்டும்?" என்று கேட்கலாம். 1997 ஜூலையில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஃபோர்ட் காலின்ஸ் என்ற ஊரில் வெள்ளம் வந்து ஐந்து பேர் இறந்தார்கள். ஊரின் மேற்கே பத்து அங்குலத்துக்கு மேல் மழை. கிழக்கே இரண்டு அங்குலம்கூட இல்லை. ஒரே ஊர்தான்! அதற்குப் பிறகு 1998இல் அங்கே பொதுமக்களே வீட்டுக்கு வீடு மழை அளக்கும் அமைப்பு ஒன்றைத் தொடங்கினார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? 2015 டிசம்பர் 2 காலைக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47, நுங்கம்பாக்கத்தில் 29. நுங்கம்பாக்கத்துக் கணக்கை வைத்துக்கொண்டு செம்பரம்பாக்கத்தில் இருப்பவர் படுத்துத் தூங்க முடியுமா?

இப்போது என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். மாணவர்களுக்காகவே சொல்கிறேன்.

2020 நவம்பர் 25ஆம் தேதி நிவர் புயல். அன்று காலை டியூட்டிக்குப் போனவன், தொழிற்சாலையில் தண்ணீர் இறைக்கிற வேலையில் மாட்டிக்கொண்டு 27ஆம் தேதி காலைதான் வீடு திரும்பினேன். கேனில் இரண்டு நாள் தண்ணீரும் ஒன்றாகக் கிடந்தது. என் நோட்டில் இரண்டு கட்டம் காலியாக இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. பேப்பரில் வேறொரு ஊரின் கணக்கைப் பார்த்தேன். அந்த விகிதத்திலேயே என் தண்ணீரையும் பிரித்து, இரண்டு நாளுக்கும் தசமப் புள்ளியோடு அழகாக எழுதிவிட்டேன். கூட்டுத்தொகை சரியாகத்தான் இருந்தது.

அப்பாவுக்கு அப்போது உடம்பு முடியவில்லை. கட்டிலில் படுத்தபடியே நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். "26ஆம் தேதி காலையில நீ இங்க இல்லையேடா?" என்றார். விளக்கினேன். விகிதம், கூட்டுத்தொகை எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "இல்லாத நாளுக்கு நீ எப்படிடா கணக்கு எழுதுவே?" என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை.

நான் அந்த இரண்டு எண்களையும் அடித்துவிட்டு, "இரண்டு நாள் சேர்ந்தது" என்று ஒரே எண்ணாக எழுதினேன். அந்தப் பக்கத்தைக் கிழிக்கவில்லை. அடித்தல் திருத்தலோடு அப்படியே இருக்கிறது.

உத்திரமேரூர்க் கல்வெட்டு உங்களுக்குத் தெரிந்திருக்கும். முதலாம் பராந்தகன் காலத்தியது. 919, 921ஆம் ஆண்டுகள். குடவோலை முறையில் ஏரி வாரியத்துக்கும் மற்ற வாரியங்களுக்கும் ஆள் தேர்ந்தெடுத்த விதம் அதில் இருக்கிறது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்கக் கூடாது, அவருடைய உறவினரும் நிற்கக் கூடாது என்று அதில் ஒரு விதி. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தபோது எனக்கு அது மதிப்பெண். நிவர் புயலுக்குப் பிறகுதான் அது உறைத்தது.

அடுத்த தை மாதம் அப்பா காலமானார்.

அவர் பரணில் 1994 முதல் 2020 வரையிலான மாதக் காலண்டர்கள் கட்டுக் கட்டாக இருந்தன. ஒவ்வொரு தேதிக் கட்டத்திலும் பென்சிலில் ஒரு குறி. "உ" என்றால் உழவு, "அ.உ" என்றால் அரை உழவு, "தூ" என்றால் தூறல். மழை இல்லாத நாளுக்கு ஒரு சின்ன வட்டம். 2015 டிசம்பர் 1இல் "கணக்கு இல்லை, கலங்கல் போகுது" என்று எழுதியிருந்தார். மூன்று பருவம் இருவரும் சேர்ந்து அளந்திருந்ததால் அந்தக் குறிகளை என்னால் ஓரளவு மில்லிமீட்டரில் படிக்க முடிகிறது. கருவி வாங்க முடியாத ஒரு விவசாயி இருபத்தேழு வருட மழையை விட்டுப் போயிருக்கிறார்.

சில கட்டங்கள் மட்டும் வெறுமையாக இருந்தன. வட்டமும் இல்லை, எழுத்தும் இல்லை. முதலில் மறந்துவிட்டார் என்று நினைத்தேன். பிறகு ஒவ்வொன்றாகத் தேதியைப் பார்த்தேன். தங்கையின் கல்யாணம். பாட்டி ஆஸ்பத்திரியில் இருந்த வாரம். நிவர் புயல் நாட்கள். அப்போது அவரால் கழனிக்குப் போக முடியவில்லை. 2006 ஜூலையில் தொடர்ந்து இரண்டு நாள். அது என்ன என்று எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. என் பழைய சான்றிதழ் ஃபைலைத் திறந்து பார்த்தேன். இந்தக் கல்லூரியில் என்னைச் சேர்க்க அவர் என்னோடு வந்த நாட்கள் அவை. வெள்ளை வேட்டியோடு, கையில் மஞ்சள் பையோடு, அதோ அந்த அலுவலக வாசலில் வரிசையில் நின்றார். சாயந்திரம் கேன்டீனில் எனக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத் தான் குடிக்கவில்லை.

அந்த இரண்டு நாள் தென்னேரியில் மழை பெய்ததா என்று தெரியாது. அவர் இல்லை, அதனால் எழுதவில்லை. மழை இல்லை என்பதற்கு வட்டம். நான் பார்க்கவில்லை என்பதற்கு வெற்றிடம். இந்த வித்தியாசத்தை விட்டுவிட்டால் எந்தப் புள்ளிவிவரமும் நிற்காது. பூஜ்யமும் காலியும் ஒன்றல்ல, மாணவர்களே. உங்கள் லேப் ரெக்கார்டிலும் அப்படித்தான், நாளைக்கு நீங்கள் கையெழுத்துப் போடப்போகிற சோதனை அறிக்கையிலும் அப்படித்தான்.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். விடுதிக்குப் பின்னால் திறந்த வெளி இருக்கிறது. ஒரு புனலும் ஒரு கேனும் நான் கொண்டுவந்து தருகிறேன். மாணவர்கள் முறை வைத்துக்கொண்டு தினமும் காலை எட்டரைக்கு அளக்கட்டும். இங்கே வந்திருக்கும் நண்பர்கள் அவரவர் வீட்டில், மாடியில் இடமில்லாவிட்டால் தோட்டத்தில், ஒன்று வையுங்கள். அடுத்த சந்திப்பில் நோட்டுகளைக் கொண்டு வாருங்கள். சம்பளத்தையும் வீட்டு விலையையும் பேசியது போக, மழையையும் கொஞ்சம் பேசுவோம்.

இன்று காலை நான் இங்கே வந்துவிட்டேன். எங்கள் வீட்டு மழைமானியை எட்டு வயது மகள் அளந்திருப்பாள். அளக்க மறந்திருந்தால் கட்டம் காலியாக இருக்கும். அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.