மயக்க டாக்டர்கிட்ட மறைக்காதீங்க



ஆபரேஷன்னா கத்தி பிடிக்கிற டாக்டர் யாருன்னுதான் கேட்போம். மயக்க ஊசி போடுற டாக்டரை யாரும் விசாரிக்கிறதில்லை. அவங்களும் அஞ்சரை வருஷம் எம்.பி.பி.எஸ். முடிச்சு, அதுக்கு மேல மயக்கவியலுக்குன்னு தனியாப் படிச்சவங்க. எம்.டி.ன்னா இன்னும் 3 வருஷம். ஊசியைப் போட்டுட்டுப் போயிடுறவங்க இல்லை. ஆபரேஷன் முடியுற வரைக்கும் தலைமாட்டுல இருந்து மூச்சு, நாடி, பிரஷரைப் பார்த்துக்கிட்டே இருப்பாங்க.

என் நாத்தனாருக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் அன்னிக்கு, "வெறும் வயித்தோட எப்படித் தாங்குவா"ன்னு மாமியார் இட்லி ஊட்டப் போனாங்க. பாசம்தான். நான் தட்டை வாங்கி வச்சிட்டேன். மயக்கத்துல வாந்தி வந்தா நுரையீரலுக்குள்ள போயிடும், உயிருக்கே ஆபத்து. லேசான சாப்பாடுன்னா 6 மணி நேரம், கறிச்சோறுன்னா 8 மணி நேரம் இடைவெளி வேணும். பால் காப்பியும் சாப்பாட்டுக் கணக்குதான். தெரியாம சாப்பிட்டிருந்தா மறைக்காம சொல்லிடுங்க.

சுகர், பிரஷர் மாத்திரை, ஆஸ்துமா, ஆடுற பல்லு எல்லாமே சொல்லணும்.

அப்புறம், சிசேரியனுக்கு முதுகுல போட்ட ஊசியாலதான் பத்து வருஷமா இடுப்பு வலின்னு நம்மள்ல பாதிப் பேர் சொல்றோம். குத்தின இடம் சில நாள் வலிக்கும். வருஷக்கணக்கா வலிச்சா காரணம் வேற, போய்க் காட்டுங்க.