போர் வந்தால் ரப்பர் விலை ஏறுமா?



பத்திரிகையில் போர்ச் செய்தி வந்தால் போதும், காலைப் பிரட்டில் "விலை ஏறுமா, கிராணி ஐயா?" என்று கேட்கிறீர்கள்.

ஏறலாம். 1950 ஜூன் 25-ல் கொரியாவில் போர் மூண்டது. வல்லரசுகள் ரப்பரை வாங்கிக் குவித்தன. 1951 தொடக்கத்தில் இராத்தல் விலை இரண்டு வெள்ளியைத் தாண்டிற்று. 1953-லோ ஒரு வெள்ளிக்கும் கீழே கிடந்தது. மரம் அதே மரம், வெட்டிய கையும் அதே கை. ஆனால் விலையோடு பிணைத்திருந்த சம்பளமும் கூடவே சரிந்தது. குவித்து வைத்தவன் நட்டப்பட்டானா? அது வேறு கதை!

அந்தப் போராவது தீர்ந்ததா? 1953 ஜூலை 27-ல் கையெழுத்தானது போர்நிறுத்தம் மட்டுமே. சமாதான உடன்படிக்கை இன்றுவரை இல்லை. நான்கு கிலோமீட்டர் அகலப் பட்டைக்கு இருபுறமும் படைகள் நிற்கின்றன. வடகொரியா 2006-ல் அணுகுண்டை வெடித்துப் பார்த்தது. 2024-ல் ரஷ்யாவின் போருக்குத் தன் சிப்பாய்களையே அனுப்பியது. அவர்களும் ஏழை வீட்டுப் பிள்ளைகள்தாம்.

இதை நம்பியா நாம் உலை வைப்பது? ஒப்பந்தம் பேசும்போது, விலை எப்படி ஆடினாலும் இறங்காத அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று முதலில் கேளுங்கள். விலைப் போனஸைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.