ஏழு டிகிரிக்குக் கீழே

(பழைய மாணவர் சந்திப்பின் இரண்டாம் நாள் காலை அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் செயலாளர் போன் செய்து, "ஏதாவது டெக்னிக்கலா பேசுப்பா, ஆனா எல்லாருக்கும் புரியணும்" என்றார். வேகமான காருக்கு வின்டர் டயர் தேர்ந்தெடுப்பது எப்படி என்று தலைப்பைச் சொன்னேன். மறுமுனையில் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவாக, "ஏம்பா, இங்க மார்கழியிலயே ஃபேன் போட்டுத்தான் தூங்குறோம்" என்றார்.

நியாயம்தான். ஆனால் நேற்று இரவு சாப்பாட்டு மேஜையில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தோம். அதில் ஐந்து பேரின் பிள்ளைகள் மிச்சிகன், டொராண்டோ, மியூனிக் என்று பனி விழும் ஊர்களில் இருக்கிறார்கள். வேலை கிடைத்து அவர்கள் வாங்குகிற முதல் பெரிய பொருள் ஒரு கார். அதுவும் எஞ்சின் பலம் அதிகமான, அகலமான டயர் போட்ட, தரையோடு ஒட்டினாற்போல் நிற்கிற கார். "டயர் என்ன போட்டிருக்கான்?" என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. ஏனென்றால் மெக்கானிக்கல் படித்த எனக்கே தெரியாமல்தான் இருந்தது.

2012 ஆகஸ்டில், டெட்ராய்ட் பக்கத்தில் நான் ஒரு பழைய ஜெர்மன் காரை வாங்கினேன். பின்சக்கரம் தள்ளுகிற வண்டி. ரொம்ப நாள் ஆசை. அதில் இருந்தவை சம்மர் டயர்கள். செப்டம்பர், அக்டோபரில் வளைவுகளில் தண்டவாளத்தில் போவது போலப் போனது. நவம்பரில் ஒரு சனிக்கிழமைக் காலை, ஒன்பது வயது மகளை நடன வகுப்புக்கு அழைத்துக்கொண்டு கிளம்பினேன். வெளியே மைனஸ் 4 டிகிரி. பனி கிடையாது, மழை கிடையாது, ரோடு காய்ந்து கிடக்கிறது. அதனால் எனக்குப் பயமும் கிடையாது. நெடுஞ்சாலையில் ஏறும் வளைவில் வழக்கம்போல ஆக்சிலரேட்டரை அழுத்தினேன். பின்பக்கம் தனியாகக் கழன்றது போல விலகியது. ஒரு முழுச் சுற்று சுற்றி, மேலும் பாதி சுற்றி, புல்தரையில் போய் நின்றோம். பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்துக்கொண்டே தாண்டிப் போனது. அது இரண்டு விநாடி முன்னால் வந்திருந்தால் இன்று இந்த மேடையில் நான் இல்லை. என் மகள் கேட்டாள்: "அப்பா, நாம ஏன் வந்த பக்கமே பார்த்துக்கிட்டு நிக்கிறோம்?"

எனக்குப் பதில் தெரியும். அதுதான் வெட்கம். முன்வரிசையில் இருக்கும் நம் மெட்டீரியல்ஸ் சார் மூன்றாம் ஆண்டில் கால்நடை மருத்துவமனையிலிருந்து கொஞ்சம் திரவ நைட்ரஜன் வாங்கி வந்து, சைக்கிள் டியூப் துண்டை அதில் முக்கி, சுத்தியலால் தட்டினார். டியூப் கண்ணாடி போல நொறுங்கியது. கைதட்டினோம். பரீட்சையில் பத்து மார்க்குக்கு எழுதினோம். இருபத்திரண்டு வருஷம் கழித்து, என் சொந்தக் காரின் கீழே அதே பாடம் நடப்பது எனக்குத் தோன்றவில்லை. சார், மன்னிக்கணும்.

டயர் மைனஸ் நாலில் கண்ணாடியாகிவிடாது. ஆனால் அந்தப் பாதையில் வெகு முன்னாலேயே விறைக்கத் தொடங்கிவிடும். சம்மர் டயரின் ரப்பர் கலவை சூட்டில் பிடிப்பதற்காகச் செய்தது. ஏறக்குறைய 7 டிகிரிக்குக் கீழே போகப் போக அதன் இளக்கம் குறைகிறது. ரோட்டின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் இறங்கிப் பிடிக்க வேண்டிய ரப்பர், மேலோடு வழுக்கிக்கொண்டு போகிறது. கடுங்குளிரில் வெடிப்பு விடலாம் என்றுகூட டயர் தயாரிப்பாளர்கள் எச்சரிக்கிறார்கள். 7 என்பது கோடு கிழித்த எல்லை அல்ல, கையில் வைத்துக்கொள்ளும் கணக்கு. ஆனால் காரைத் தரையோடு பிடித்திருப்பது நான்கே நான்கு உள்ளங்கை அளவு ரப்பர்தான் என்பதை மறக்கக்கூடாது. வண்டி எவ்வளவு விலை என்றாலும் அவ்வளவுதான்.

வின்டர் டயரின் கலவை குளிரிலும் இளகியே இருக்கும். நாம் பட்டன் என்று சொல்கிறோமே, அந்த ஒவ்வொரு பட்டனிலும் பிளேடால் கீறினாற்போல் நெளிநெளியாகக் கீறல்கள் இருக்கும். அவை பனியைக் கவ்விக்கொள்ளும். பனியோடு பனி நன்றாக ஒட்டும். ஐஸ் வேறு விஷயம். அதன்மேல் இருக்கும் மெல்லிய நீர்ப்படலம்தான் வழுக்குகிறது. அதை விலக்குவதற்காக 1988இல் ஜப்பானில் வந்த பிளிசாக் டயரின் ரப்பரில் நுண்துளைகள் வைத்தார்கள். ஆணி பதித்த டயர்கள் ரோட்டைத் தேய்த்துத் தூசி கிளப்பியதால், 1990இல் ஜப்பான் அவற்றுக்கு எதிராகச் சட்டமே போட்டது. ஆணி இல்லாத டயர்கள் அங்கே வேகமாக வளர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, கடைக்குப் போனால் எதைப் பார்ப்பது? டயர் பக்கவாட்டில் எம் ப்ளஸ் எஸ் என்று இருந்தால் அது பட்டன் அமைப்பை மட்டும் சொல்வது. சோதனை செய்து கொடுத்த சான்று அல்ல. மூன்று சிகர மலையும் அதற்குள் ஒரு பனிப்பூவும் உள்ள குறியைத் தேடுங்கள். 1999இல் வட அமெரிக்காவில் வந்தது. அதைப் பெற, இறுகிய பனியில் ஓர் ஒப்பீட்டு டயரைவிடக் குறைந்தது 10 சதவீதம் கூடுதல் பிடிப்பைக் காட்ட வேண்டும். ஜெர்மனியில் பனிக்கால ரோட்டுக்கு 2024 அக்டோபர் முதல் இந்தக் குறி உள்ள டயர்தான் செல்லும். கனடாவின் கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்டர் டயர் கட்டாயம். மிச்சிகனில் கட்டாயம் இல்லை. அங்கே புத்தி நமக்கே வர வேண்டும்.

எனக்கு அதைக் கொடுத்தவர் ஒரு சின்ன டயர் கடைக்காரர், எழுபது வயதிருக்கும். நான் குதிரைத்திறனைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. "வேலைக்கு எந்த ரோட்டுல போறீங்க? எத்தனை மணிக்குக் கிளம்புவீங்க? அந்த நேரத்துக்குள்ள உப்பு போட்டிருப்பாங்களா?" என்று மூன்றே கேள்வி கேட்டார்.

அதில்தான் தேர்வு இருக்கிறது. வேகக் காருக்கு வின்டர் டயர் இரண்டு வகை. ஒன்று, பெர்ஃபார்மன்ஸ் வின்டர். பைலட் ஆல்பின், சொட்டோசீரோ போன்றவை. எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர், வி என்றால் 240 வரை தாங்கும். பட்டன் கெட்டியாக நிற்பதால் ஸ்டியரிங் சொன்ன பேச்சு கேட்கும். உப்புப் போட்டுச் சுத்தம் செய்த, குளிர்ந்த, ஈரமான நெடுஞ்சாலைக்கு அது பொருத்தம். மற்றது, ஐஸுக்கென்றே செய்த ஆணியில்லா டயர். எக்ஸ்-ஐஸ், பிளிசாக், ஹக்கபெலீட்டா வகைகள். மிக இளகிய ரப்பர், கீறல் அதிகம். காய்ந்த ரோட்டில் வண்டி கொஞ்சம் கொழகொழவென்று போகும். ஐஸில் அதுதான் காப்பாற்றும். என் ரோடு உப்புப் போட்ட நெடுஞ்சாலை. ஆகவே முதல் வகையை எடுத்தேன்.

அடுத்தது அளவு. என் காரில் 18 அங்குல வீல். முன்னால் 225/40, பின்னால் 255/35. பார்க்க அழகு, விடமாட்டேன் என்றேன். "குழியில விட்டு வீல் வளைஞ்சா என்கிட்டதானே வருவீங்க" என்று சிரித்தார். நான்கு பக்கமும் 225/45, 17 அங்குலம் போட்டார். கணக்கு பாருங்கள்: பழைய பின் டயரின் மொத்த விட்டம் சுமார் 636 மில்லிமீட்டர், புதியது 634. ஸ்பீடாமீட்டர் ஏமாறாது. பக்கச்சுவர் 89 மில்லிமீட்டரிலிருந்து 101 ஆனது, குழியைத் தாங்கும். பின் டயரின் அகலம் குறைந்ததால் பனியை வெட்டிக்கொண்டு இறங்கும். நான்கும் ஒரே அளவாதலால் முன்பின் மாற்றிப் போடலாம். ஒன்று மட்டும் பார்க்க வேண்டும்: சின்ன வீலுக்குள் பெரிய பிரேக் அடங்க வேண்டும்.

செலவுக்குப் பயந்து இரண்டு மட்டும் போடாதீர்கள். ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் விட்டால், நான் சுற்றியதுபோல் சுற்ற வேண்டியதுதான். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி, ஆகவே வேண்டாம் என்றும் சிலர் சொல்வார்கள். நான்கு சக்கர இழுவை கிளம்புவதற்கு உதவும். நிற்பதற்கு டயர்தான்.

இனி கடைசிச் செய்தி. 2021இல் என் மகள் படிக்க மேல் மிச்சிகனில் ஹௌட்டன் போனாள். சுப்பீரியர் ஏரியை ஒட்டிய ஊர். பல குளிர்காலங்களில் 200 அங்குலத்துக்கு மேல் பனி கொட்டும் இடம். தெருக்கள் செங்குத்து. அதே காரைக் கேட்டாள். டயரில் இன்னும் 5 மில்லிமீட்டர் பட்டன் இருக்கிறதே, 4 வரை ஓட்டலாமே என்று நான் கணக்குப் பார்த்தேன். அவள் சொன்னாள்: "அப்பா, அது உங்க ரோட்டுக்கு வாங்குனது. என் ரோடு வேற." மைனஸ் 9க்குக் கீழே உப்பும் சரியாக வேலை செய்யாது என்பது எனக்குத் தெரிந்ததுதான். வாயை மூடிக்கொண்டு ஐஸ் டயர் வாங்கிக் கொடுத்தேன்.

ஜனவரியில் ஓர் இரவு போன் வந்தது. இறக்கத்தில் முன்னால் போன வண்டி குறுக்கே நின்றுவிட்டதாம். "பிரேக் போட்டேன், நின்னுச்சுப்பா. ஒரு கார் நீளம் மிச்சம் இருந்துச்சு" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. நான் வெகு நேரம் தூங்கவில்லை.

ஆகவே நண்பர்களே, அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளிடம் பேசும்போது, சாப்பிட்டாயா என்று கேட்டபிறகு இதையும் கேளுங்கள். மலைக்குறி இருக்கிறதா? நான்கிலும் இருக்கிறதா? உன் ரோட்டுக்கு ஏற்றதா? குளிர் வந்தபின் காற்று பார்த்தாயா? ஐந்தாறு டிகிரி குறைந்தால் ஒரு பி.எஸ்.ஐ. குறையும். வெயில் வந்ததும் மறக்காமல் சம்மர் டயரை மாற்றச் சொல்லுங்கள். இளகிய ரப்பர் சூட்டில் சீக்கிரம் தேய்ந்துவிடும், பிரேக்கும் நீளும்.

"உனக்கு என்னப்பா தெரியும்?" என்று கேட்டால், நம் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள் என்று சொல்லுங்கள். சாரைக் கேட்டால் அவரும் ஒப்புக்கொள்வார்.