ஒரு நிறம் போதாத மண்



உலகப் படத்தில் மதத்திற்கொரு நிறம் தீட்டுவர். யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு எந்த நிறம் தீட்டுவது? நல்லூரில் கந்தசுவாமி கோயில், கந்தரோடையில் பௌத்தச் சின்னங்கள், சோனகத் தெருவில் நம் பள்ளிவாசல்கள், ஊர்தோறும் தேவாலயங்கள்.

1344ஆம் ஆண்டு இலங்கை வந்த இப்னு பதூதா, யாழ்ப்பாண மன்னர் ஆரியச்சக்கரவர்த்தியைப் புத்தளத்தில் சந்தித்தார். பாவா ஆதம் மலையை ஸியாரத் செய்ய விரும்பிய அந்த முஸ்லிம் பயணிக்கு, இந்து மன்னர் பல்லக்கு அளித்து, யோகியர் நால்வரையும் பிராமணர் மூவரையும் வழித்துணையாக அனுப்பினார்.

அதே புத்தளத்திற்குத்தான், 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட வடபுல முஸ்லிம்களில் பெரும்பாலோர் அகதிகளாய் வந்து சேர்ந்தனர். யாழ்ப்பாண நகரில் அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம்.

பெற்றோர்களே! இவ்விரண்டையும் பிள்ளைகளுக்குச் சேர்த்தே சொல்லுங்கள். பின்னதை மட்டும் சொன்னால் பகை வளரும். முன்னதை மட்டும் சொன்னால் உண்மை மறையும்.

இளைஞர்களே! மூதாதையர் மண்ணுக்குத் திரும்பும்போது அண்டை வீட்டாரின் கதவைத் தட்டி ஸலாம் சொல்லுங்கள். வணிகராய் வந்த நம் முன்னோரின் மார்க்கம் இம்மண்ணில் வேரூன்றியது அவர்களின் நேர்மையாலும், இம்மண்ணினர் காட்டிய விருந்தோம்பலாலுமே.

வல்ல அல்லாஹ் நம் உள்ளங்களை இணைப்பானாக. ஆமீன்.