பூட்டிய வீட்டின் கணக்கு



கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வராத வீடு இல்லை. ஆனால் மூன்று வயதுக்குள் எத்தனை முறை வந்தது என்று கேட்டால், பெற்ற தாய்க்கும் சொல்லத் தெரியாது. போன மாதம் வந்ததே மறந்திருக்கும். அதனால் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் 2002-இல் ஒரு வேலையைத் தொடங்கினார்கள். நகரின் நெரிசலான குடியிருப்புகளில் பிறந்த குழந்தைகளைப் பதிவு செய்துகொண்டு, வாரம் இருமுறை களப்பணியாளர்களை வீட்டுக்கே அனுப்பினார்கள். சேர்ந்தவர்கள் 452 பேர். மூன்றாண்டு முழுக்கத் தொடர்ந்தவர்கள் 373 பேர்.

இப்படிப்பட்ட பதிவேடு எப்படி இருக்கும்? திங்களன்று போனால் குழந்தைக்குப் பேதி. வியாழனன்று கதவில் பூட்டு; தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போயிருப்பாள். அடுத்த திங்கள் வந்தால் மறுபடி பேதி. இது ஒரே நோயா, இரண்டா? நடுவில் இரண்டு மூன்று நாள் நன்றாக இருந்தால்தான் புதிதாக எண்ணுவது வழக்கம். அந்த நாட்களோ பதிவேட்டில் காலி.

காலிக் கட்டத்தில் ‘நோய் இல்லை’ என்று எழுதிவிடுவது சுலபம். நோய் குறைந்ததுபோலத் தெரியும், அவ்வளவுதான். பார்த்த நாட்களை மட்டும் வைத்து விகிதம் போடுவது அதைவிட நேர்மையானது. ஆனால் குழந்தைக்கு முடியாமல் ஆஸ்பத்திரிக்குப் போனதால்தான் வீடு பூட்டியிருந்தது என்றால்? அப்போது அந்தக் காலியிடமே ஒரு தகவல். விடுபட்டதற்கான காரணத்துக்கும் விடுபட்ட விவரத்துக்கும் தொடர்பு உண்டா என்பதுதான் முதல் கேள்வி என்று புள்ளியியலாளர் டொனால்ட் ரூபின் 1976-இல் எழுதினார். புள்ளியியலாளர்கள் இன்றும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். காலியிடத்தைப் பல விதமாக நிரப்பிப் பார்த்து, விடை எவ்வளவு ஆடுகிறது என்றும் சோதிக்கிறார்கள்.

இன்னொரு சங்கடம். ஒரு பிள்ளைக்கு ஒருமுறை வரும், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பத்து முறை வரும். அந்தப் பத்தையும் பத்துப் பிள்ளைகளின் நோய்போலக் கணக்கிடக் கூடாது. அதனால் ஒவ்வொரு குழந்தைக்கும் அதனதன் நலிவைக் குறிக்கும் ஓர் எண்ணைக் கணக்கில் சேர்ப்பதுண்டு.

வேலூரில் இதெல்லாம் குழந்தைகளுக்குப் பேதியை உண்டாக்கும் ரோட்டா வைரஸில் வந்து நின்றது. 1996-இல் மெக்சிகோ ஆய்வு ஒன்று, இரண்டு முறை தொற்றியபின் குழந்தைக்குக் கடும் பேதி வருவதில்லை என்றது. இங்கும் அப்படியா என்று பார்க்க, எது முதல் தொற்று, எது இரண்டாவது என்று தெரிய வேண்டும். பேதியே இல்லாமல் வந்துபோன முதல் தொற்று கண்ணில் படாவிட்டால் இரண்டாவதுதான் முதலாவதாகிவிடும். வரிசை முழுதும் சரியும். ஆகவே நோயில்லாத நாளிலும் இரு வாரத்துக்கு ஒருமுறை மலமும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தமும் சோதித்தார்கள். என் பார்வையில், எந்தச் சூத்திரத்தையும்விட இந்த உழைப்புதான் பெரிது.

2011-இல் வந்த முடிவு: மூன்று தொற்றுக்குப் பிறகும், மிதமான அல்லது கடுமையான பேதியிலிருந்து பாதுகாப்பு 79 சதவீதம்தான். ஆறு மாதம் நிரம்புவதற்குள்ளேயே 56 சதவீதக் குழந்தைகளுக்குத் தொற்றியிருந்தது. இப்போது அரசுத் திட்டத்தில் ரோட்டா தடுப்பு மருந்து 6, 10, 14 வாரங்களில் கொடுக்கப்படுகிறது. ஊருக்குப் போய்வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று அந்தத் தேதிகளைத் தள்ளிப்போடாதீர்கள்.