ஒரு கம்பியும் பல கருவிகளும்



கடலூர் முதுநகர்த் துறைமுகத்தை உங்களுள் பலர் கண்டிருப்பீர்கள். நெடுங்காலம் பெரிய கப்பல்கள் அங்கே கரையை அணைந்ததில்லை. அவை கடலில் நங்கூரமிட்டு நிற்க, படகுகளே சரக்கைக் கரை சேர்த்தன. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட சிறு கருவியும் அத்தகைய படகுத் தொழிலையே செய்கிறது.

சிதம்பரத்துக்குத் திருவிழாக் காண வந்த குடும்பம் ஒன்று விடுதியில் தங்குகிறது எனக் கொள்வோம். அறைச் சுவரில் இணையக் கம்பிக்குரிய துளை ஒன்று இருக்கிறது. கையிலோ மூன்று கைப்பேசிகளும் ஒரு மடிக்கணினியும் உள்ளன. கைப்பேசியில் அக்கம்பியைச் செருக இடமில்லை. என் செய்வது? உள்ளங்கையில் அடங்கும் ரூட்டர் இங்கே துணைபுரிகிறது. திசைவி என்றும் இதனைக் கூறுவர். கம்பியில் வரும் செய்தியை இது வானலையாக்கி அறை முழுதும் பரப்புகிறது. இதனையே வைஃபை என்கிறோம். இதற்குரிய 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை உரிமமின்றிப் பயன்படுத்த 2005ஆம் ஆண்டில் இந்திய அரசு இசைவளித்தது.

இனி, இது வேலை செய்யும் முறையைப் பார்ப்போம். விடுதி ரூட்டருக்கு ஒரு முகவரியே தருகிறது. ரூட்டர் தன்னைச் சார்ந்த கருவிகளுக்கு வெவ்வேறு உள்முகவரிகளை வழங்குகிறது. பல வணிகரின் சரக்கு ஒரே முகவர் பெயரில் வந்து இறங்கினாலும், அவர் தம் பேரேட்டைப் பார்த்து உரியவரிடம் சேர்ப்பார் அல்லவா? அதுபோல ரூட்டரும் எக்கருவி எதனைக் கேட்டது எனக் குறித்து வைத்துப் பிரித்து அளிக்கிறது. இம்முறை 1994ஆம் ஆண்டில் ஓர் ஆவணமாக வெளியிடப்பட்டது. ஆதலால், விடுதியின் நுழைவுப் பக்கத்தில் ஒரு கருவியிலிருந்து அறை எண்ணையும் கடவுச்சொல்லையும் பதிந்தால், பெரும்பாலும் ஏனைய கருவிகளுக்கும் வழி திறந்துவிடும்.

இவ்வசதியோடு ஒரு பொறுப்பும் வருகிறது. விடுதியின் கணக்கில் நான்கு கருவிகள் இல்லை. ஒரு முகவரியே உண்டு. அதன் வழியே எவர் எதனை அனுப்பினாலும் அது உங்கள் பெயரிலேயே சேரும். 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சற்று முன்னர், செய்தி நிறுவனங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அதன் தடம் நவி மும்பையில் குடியிருந்த ஓர் அயல்நாட்டவரின் வைஃபை இணைப்பில் போய் நின்றது. பூட்டப்படாத இணைப்பைப் பயன்படுத்தியவர் வேறொருவர். விசாரணைக்கு உள்ளானவரோ இவர். அடுத்த ஆண்டே, வைஃபை இணைப்புகளைப் பாதுகாப்பது குறித்துத் தொலைத்தொடர்புத் துறை அறிவுரைகள் வெளியிட்டது.

எனவே, மூன்று செயல்களைத் தவறாது செய்க. முதலாவது, விடுதியாரிடம் இசைவு பெறுக. இரண்டாவது, ஆலையில் இட்ட கடவுச்சொல்லை நீக்கி, நீண்ட புதுச்சொல் ஒன்றை அமைத்து, டபிள்யு.பி.ஏ. 2 அல்லது 3 என்னும் பூட்டுமுறையைத் தேர்ந்துகொள்க. மூன்றாவது, சுவரிலிருந்து வரும் கம்பியை டபிள்யு.ஏ.என். எனப் பொறித்த துளையில் மட்டுமே செருகுக. எல்.ஏ.என். என்னும் துளையில் செருகினால், உங்கள் ரூட்டர் அடுத்த அறையாருக்கும் முகவரி வழங்க முற்பட்டு, அவர்களுடைய இணையத்தை முடக்கிவிடக்கூடும். நம் வசதி பிறருக்கு இடையூறாதல் தகாது.

இன்னொன்றையும் மறத்தலாகாது. உங்கள் பூட்டு உங்கள் அறையின் வானலையை மட்டுமே காக்கும். சுவருக்கு அப்பாலுள்ள கம்பி விடுதிக்கு உரியது. ஆகவே வங்கிக் கணக்கைத் திறக்குமுன், முகவரியின் தொடக்கத்தில் எச்.டி.டி.பி.எஸ். என்னும் எழுத்துகள் உள்ளனவா எனப் பாருங்கள். சான்றிதழ் பற்றிய எச்சரிக்கை தோன்றினால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

கருவியை வாங்குவது எளிது. அதன் வாயிலைக் காப்பதே கல்வி கற்றோர்க்கு அழகு.