மணிக்கட்டில் ஒரு வாசல்
(நமது சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



பத்ரி யாத்திரையில் ரிஷிகேசம் தாண்டி மலைப்பாதை ஆரம்பித்ததுமே பஸ்ஸில் பாதிப் பேருக்குக் குமட்டல். மணிக்கட்டில் எங்கே அழுத்திக்கொள்வது என்று சிலருக்குக் காட்டினேன். அதைப் பார்த்த செயலாளர் இன்று என்னை மேடை ஏற்றிவிட்டார். நான் டாக்டர் இல்லை. ரிடையரான பிறகு அக்குபங்சர் வகுப்பில் படித்தவன், அவ்வளவுதான்.

அந்த இடத்துக்குச் சீன வைத்தியத்தில் 'நெய்குவான்' என்று பெயர். உள்வாசல் என்று அர்த்தம். பெயரிலேயே நெய் இருப்பதால் நம்மவர்களுக்கு மறக்காது! உள்ளங்கையை மேலே திருப்பி, மணிக்கட்டு ரேகையை ஒட்டி மற்றக் கையின் ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களைச் சேர்த்து வையுங்கள். மூன்றாவது விரல் முடியும் இடத்தில், இரண்டு தசைநாண்களுக்கு நடுவே இருக்கிறது. முஷ்டி பிடித்துக் கையைச் சற்று மடக்கினால் நாண்கள் எழும்பும். சிலருக்குப் பிறவியிலேயே ஒன்று இருக்காது, பயப்பட வேண்டாம். நம் ஆயுர்வேதத்தில் அங்குலம் போல, இங்கும் அவரவர் விரலே அவரவருக்கு அளவு. குழந்தைக்குக் குழந்தையின் விரல்தான்.

கட்டைவிரலால் இரண்டு மூன்று நிமிஷம், வலிக்காமல் அழுத்தினால் போதும். பட்டன் வைத்த எலாஸ்டிக் பட்டையும் கிடைக்கிறது. ஊசி மட்டும் நாமாகக் குத்திக்கொள்ளக் கூடாது, அடியில் முக்கியமான நரம்பு ஓடுகிறது.

இது வெறும் நம்பிக்கையா? பெல்ஃபாஸ்டில் ஜான் டண்டீ என்ற மயக்க மருந்து நிபுணர் 1980களில் ஆபரேஷன் நோயாளிகளிடம் இதைச் சோதித்தார். 2015-ல் காக்ரேன் ஆய்வு 59 பரிசோதனைகளை, 7,667 பேரை, சேர்த்துப் பார்த்தது. போலி சிகிச்சையோடு ஒப்பிட்டால், ஆபரேஷனுக்குப் பின் வாந்தி ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் ஆய்வுகளின் தரம் சுமார்தான் என்றும் அவர்களே சொன்னார்கள். மசக்கைக்கும் பிரயாண வாந்திக்கும் முடிவுகள் ஒரே மாதிரி இல்லை. சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது.

இனி, நான் சொல்லத் தயங்கும் விஷயம். இந்தப் புள்ளி இதய உறைக்குரிய பாதையில் இருப்பது. ஆகவே மார்பு வலிக்கும் படபடப்புக்கும் இதைப் பழைய சீன நூல்கள் சொல்கின்றன. வகுப்பில் படித்த உற்சாகத்தில் அதை அத்திம்பேருக்கும் சொல்லிக் கொடுத்திருந்தேன். ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு அவருக்கு மார்பை அடைத்து, வேர்த்து, வாந்தி வருகிற மாதிரி இருந்திருக்கிறது. வாயு என்று நினைத்து, விடியும்வரை மணிக்கட்டை அழுத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஆறு மணி. உயிர் பிழைத்தார். ஆனால் இதயத் தசையில் ஒரு பகுதி போய்விட்டது. முதல் மாடி ஏறினாலே இப்போது மூச்சு வாங்குகிறது. அவர் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அக்கா அந்தப் பேச்சையே எடுக்கவிடுவதில்லை.

அன்று நான் சொல்ல மறந்ததை இன்று சொல்லிவிடுகிறேன். மார்பில் பாரம், வேர்வை, தாடையிலோ கையிலோ வலி வந்தால் எதையும் அழுத்தாதீர்கள், உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் வலியே இல்லாமல் வெறும் குமட்டலாகவும் மாரடைப்பு வரலாம். பஸ் ஆடாமல், சாப்பாட்டில் கோளாறில்லாமல், காரணமே தெரியாமல் குமட்டினால் சந்தேகப்படுங்கள்.

காபி வர இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறதாம். இடம் பிடிபடாதவர்கள் முன்னால் வாருங்கள், கையைக் காட்டுங்கள்.